526 பற்களும் ஒரு பெயரும்

2019 ஜூலையில், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியிலுள்ள சவீதா பல் மருத்துவக் கல்லூரியில் 7 வயதுச் சிறுவனின் கீழ்த்தாடையிலிருந்து 526 பற்கள் எடுக்கப்பட்டன. எண்ணிக்கையைக் கேட்டு உலகமே வாய் பிளந்தது. ஆனால் அங்கே வியக்க வேண்டியது எண்ணிக்கை அல்ல; அந்தத் தாடை எலும்பு உடைபடாமல் தப்பியதுதான். அது தப்பியதற்குப் பின்னால் ஒன்றரை நூற்றாண்டாக நடந்துவந்த பெயர்த் தகராறு ஒன்று இருக்கிறது.

1860களில் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா (மூளையின் பேச்சுப் பகுதிக்குத் தன் பெயரைத் தந்தவரேதான்) பல் உருவாக்கும் திசுவிலிருந்து கிளம்பும் கட்டிகள் அத்தனைக்கும் ஒடோன்டோமா என்று ஒரே பெயர் சூட்டினார். பிள்ளைப்பூச்சியையும் தேளையும் ஒரே கூடையில் போட்டது போலத்தான் அது. அமெலோபிளாஸ்டோமா என்று பின்னர் பிரிக்கப்பட்ட கட்டி, புற்றுநோயாக இல்லாவிட்டாலும் எலும்பை அரித்துப் பரவும். துளி மிஞ்சினாலும் மறுபடி தலைதூக்கும். அதனால் பல சமயம் தாடையின் ஒரு பகுதியையே வெட்டியெடுக்க நேரும். இன்று ஒடோன்டோமா எனப்படுவதோ ஓரளவு வளர்ந்து நின்றுவிடும். வழித்தெடுத்தால் பெரும்பாலும் திரும்புவதில்லை. உண்மையான கட்டி என்பதைவிடப் பல் உருவாகும்போது நேர்ந்த கோளாறு என்றே நோயியலார் பலர் இதைக் கருதுகிறார்கள்.

அப்படியானால் உலக சுகாதார அமைப்பின் கட்டிப் பட்டியலில் இது ஏன் இன்னும் இருக்கிறது என்று கேட்கலாம். அந்தப் பட்டியல், கட்டி எந்தத் திசுவிலிருந்து முளைத்தது என்பதைப் பார்த்து இடம் தருகிறது. கத்தி எவ்வளவு ஆழம் போகவேண்டும் என்பதைக் கட்டியின் நடத்தைதான் தீர்மானிக்கிறது. அந்தச் சிறுவனுக்கு இருந்தது ஒடோன்டோமாதான் என்பதால், வேலப்பன்சாவடியில் தாடையைப் பக்கவாட்டில் உடைக்காமல் மேலிருந்து துளையிட்டு, பற்கள் அடங்கிய சுமார் 200 கிராம் எடையுள்ள பையை வெளியே எடுத்தார்கள். எலும்பைச் சீரமைக்கும் அறுவைக்கே வேலை வரவில்லை.

பிறகு மணிக்கணக்கில் உட்கார்ந்து பற்களை எண்ணியது வெறும் சாதனை மோகம்தானே என்பார்கள். பத்திரிகைகளுக்கு அப்படி இருந்திருக்கலாம். நோயியலாளருக்கு அது நோயைப் பெயரிடும் வேலை. தலையும் வேரும் எனாமலுமாகத் தனித்தனிப் பல்லாக நின்றால் ஒடோன்டோமாவில் ஒரு வகை. உருத்தெரியாமல் ஒன்றாகக் குழம்பிக் கிடந்தால் வேறு வகை. இங்கே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துணுக்குகளிலும் பல்லின் அமைப்பு தெரிந்தது; ஆகவே இது முதல் வகை.

அரிதினும் அரிது என்ற பேச்சையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். பல் திசுக் கட்டிகளில் ஒடோன்டோமா அடிக்கடி காணப்படுவதுதான். நிலைப்பல் ஏன் முளைக்கவில்லை என்று எக்ஸ்ரே எடுக்கும்போது தற்செயலாக அகப்படும். 526 என்பது மட்டுமே அரிது. அறுவைக்குப் பின் சிறுவனின் வாயில் 21 பற்கள் இருந்தன.