ஒட்டிச் செய்த விமானம்: மொஸ்கிட்டோ முதல் ஈகிள் 150 வரை

நாட்டின் தொழில்நுட்ப வளர்ச்சி பற்றிக் கட்டுரை கேட்டால், நம் பிள்ளைகள் புரோட்டோன் காரையும் இரட்டைக் கோபுரத்தையும் எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறார்கள். மலாக்காவில் விமானம் செய்ததைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. அப்படியே எழுதினாலும், ‘மலேசியா கண்டுபிடித்த விமானம்’ என்று ஒருவர் பெருமை பேசுவார், ‘தோற்றுப்போன திட்டம்’ என்று இன்னொருவர் முடித்துவிடுவார். இரண்டுமே அரைகுறை. நடந்தது என்னவென்று பாருங்க.

முதலில் பொருளைப் புரிந்துகொள்ளுங்கள். இந்த விமானத்தின் உடல் கூட்டுப்பொருளால் ஆனது. கண்ணாடி இழை அல்லது கரிம இழையால் நெய்த துணியைப் பிசினில் நனைத்து, அச்சின்மேல் அடுக்கடுக்காகப் பரப்பி இறுக வைப்பார்கள். இழை பலம் தரும், பிசின் உருவம் தரும். பீடோர்ப் பக்கம் தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ரப்பர் பாலில் ஆசிட்டை அளந்துதான் ஊற்றுவார்கள். அளவு தவறினால் சீட்டு கெட்டுப்போகும். பிசினும் அப்படித்தான். இறுக வைக்கும் மருந்தின் அளவும், வெப்பமும், நேரமும் பிசகினால் உள்ளே பலவீனம் தங்கிவிடும். வெளியே பார்த்தால் பளபளவென்றுதான் இருக்கும். அதுதான் ஆபத்து.

இந்த ஆபத்து புதிதல்ல. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் செய்த மொஸ்கிட்டோ விமானம் 1940 நவம்பரில் முதன்முதலில் பறந்தது. அதன் உடல் மரம்! பர்ச் மர ஒட்டுப்பலகை இரண்டுக்கு நடுவே இலேசான பால்சா மரத்தை வைத்து, அச்சில் வளைத்து ஒட்டினார்கள். இடப்பாதி, வலப்பாதி என்று தனித்தனியாகச் செய்து பிறகு சேர்த்தார்கள். தொடக்கத்தில் பயன்படுத்திய பசை பாலில் உள்ள புரதத்திலிருந்து எடுத்தது. வெப்பமும் ஈரமும் நிறைந்த நம் பக்கத்து நாடுகளுக்கு அந்த விமானம் வந்தபோதுதான் சோதனை. 1944இல் இந்தியாவிலிருந்து பறந்த சில மொஸ்கிட்டோக்கள் ஒட்டுப் பிரிந்து விபத்துக்குள்ளாயின. காரணம் தட்பவெப்பமா, தொழிற்சாலையில் ஒட்டிய முறையா என்று விசாரணை நடந்தது. பிறகு ஈரத்தைத் தாங்கும் செயற்கைப் பசை வந்தது. அதே இன விமானம்தான் அவசரகாலத்தில் சிங்கப்பூரின் செலேத்தாரிலிருந்து கிளம்பி மலாயாக் காடுகளைப் படம் பிடித்தது. பிரிட்டிஷ் விமானப்படை மொஸ்கிட்டோவின் கடைசிப் பணிப் பறப்பும் 1955 டிசம்பரில் இங்கேதான் முடிந்தது.

நடுவில் சாண்ட்விச் மாதிரி இலேசான பொருள், இருபுறமும் பலமான தோல் என்ற அந்த யோசனை மாறவில்லை, தோல்தான் மாறியது. 1957இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் மாணவர்கள் பால்சாவின்மேல் கண்ணாடி இழை போர்த்தி ஃபீனிக்ஸ் என்ற மிதவை விமானம் செய்தார்கள். 1970களில் அமெரிக்கர் பர்ட் ரூட்டான் அச்சே இல்லாமல், நுரைக்கட்டியைச் சீவி அதன்மேல் இழையை ஒட்டும் முறையைக் கொண்டுவந்தார். வீட்டுக் கார் கொட்டகையிலேயே ஆட்கள் விமானம் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

இனி மலாக்கா. 1990இல் அரசாங்கம் சி.டி.ஆர்.எம். என்ற கூட்டுப்பொருள் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியது. இடம் பத்து பெரெண்டாம். மேற்கு ஆஸ்திரேலியாவில் உருவான ஈகிள் என்ற இரண்டு இருக்கை விமானத் திட்டம் அதன் கைக்கு வந்தது. ஆகவே வடிவமைப்பின் தாய்வீடு ஆஸ்திரேலியா. ‘கண்டுபிடித்தோம்’ என்று எழுதினால் திருத்துபவர் மதிப்பெண்ணைக் குறைக்கலாம், குறைத்தாலும் நியாயம்தான்.

ஈகிள் 150 பார்க்க விசித்திரமாக இருக்கும். மூக்கருகே ஒரு சின்ன சிறகு, நடுவில் பிரதான சிறகு, வாலில் இன்னொன்று என்று மூன்று தாங்கு பரப்புகள். வேகம் குறையும்போது முன்சிறகு முதலில் தூக்குவிசையை இழக்கும். மூக்கு தானாகத் தாழ்ந்து, விமானம் வேகத்தை மீட்டுக்கொள்ளும். பழகும் விமானிக்கு அது பெரிய துணை. 125 குதிரைத்திறன் எஞ்சின், ஏற்றத்தோடு சுமார் 650 கிலோ எடை. ஒரு காரைவிடக் குறைவு! இதே காலத்தில் இங்கே தயாரான எம்.டி.3 விமானத்தோடு இதைக் குழப்பாதீர்கள். அது சுவிட்சர்லாந்து வடிவமைப்பு, உலோக உடல்.

இத்தகைய விமானங்கள் ஏன் பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்கின்றன என்று வகுப்பில் கேளுங்கள். கறுப்பு நிறம் வெயிலை உறிஞ்சும். சூடு ஏறினால் பிசின் இளகி பலம் குறையும். மலாக்கா மதிய வெயிலில் நிறுத்திவைக்கும் விமானத்துக்கு இது அழகு விஷயமல்ல.

ஈகிள் பெருமளவில் விற்கவில்லை. சிறு விமானச் சந்தையே சுருங்கியது; போட்டியும் கடுமை. பின்னாளில் அதே உடலை ஆளில்லாக் கண்காணிப்பு விமானமாகவும் மாற்றிப் பார்த்தார்கள். இங்கேயே கட்டுரையை முடித்தால் அது தோல்விக் கதைதான். ஆனால் பத்து பெரெண்டாம் பட்டறை மூடப்படவில்லையே. இழை பரப்பவும், காற்றுக்குமிழி வெளியேற்றவும், ஆட்டோகிளேவில் அழுத்தி வேகவைக்கவும் ஆட்கள் பழகியிருந்தார்கள். அந்நிறுவனம் ஏர்பஸ் ஏ320 முதலான பெரிய விமானங்களுக்குச் சிறகுப் பாகங்கள் செய்யும் நிலைக்கு வந்தது. என்னைக் கேட்டால், இந்த வரலாற்றில் எடைபோட வேண்டியது விற்ற விமானங்களின் எண்ணிக்கையை அல்ல, பழகிய கைகளைத்தான். தொழிற்கல்லூரிக்குப் போகும் நம் பேராக் பிள்ளைகளுக்கு இது பாடப்புத்தகத்துக்கு அப்பாற்பட்ட சேதி.

ஒப்பிட விரும்புவோருக்கு இந்தியாவின் ஹன்சா உதவும். பெங்களூர் தேசிய வான்வெளி ஆய்வகத்தின் கூட்டுப்பொருள் விமானமான அது 1993 நவம்பரில் முதலில் பறந்தது, 2000இல் சான்று பெற்றது. அதன் தயாரிப்பில் தமிழ்நாட்டின் ஓசூருக்கும் பங்கு உண்டு. புதிய தலைமுறை ஹன்சா 2021 செப்டம்பரில் பறந்து, 2022இல் புதுச்சேரியில் கடல்மட்டச் சோதனைகளை முடித்தது. அங்கே ஒரே விமானத்தைப் பல ஆண்டு விடாமல் திருத்தினார்கள், இங்கே கற்ற வேலையை வேறு விமானங்களுக்குத் திருப்பினார்கள்.

பயிற்சிக்கு: ‘ஈகிள் 150 திட்டம் நாட்டிற்குப் பயனளித்ததா?’ இருபக்கக் கருத்தும் வருமாறு 180 சொற்களில் எழுதச் சொல்லுங்கள். ‘கண்டுபிடித்தது’, ‘வாங்கியது’, ‘தயாரித்தது’ ஆகிய மூன்று வினைகளையும் மாணவர் எங்கெங்கே பயன்படுத்துகிறார் என்று பார்த்துத் திருத்துங்க.