மனநோயும் தற்கொலையும்: தொடர்பை ஆராயும் முறைகள்

தற்கொலையால் இறந்தவரின் குடும்பத்தினரையும் நண்பர்களையும் நேர்கண்டு, மருத்துவப் பதிவேடுகளை ஆராய்ந்து, அவருடைய இறுதிக்கால மனநிலையை மதிப்பிடுவது ‘உளவியல் உடற்கூராய்வு’ எனப்படும். எவர்மீதும் குற்றம் சுமத்துவது இதன் நோக்கமன்று.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1956-57இல் நிகழ்ந்த 134 தற்கொலைகளை எலி ராபின்ஸ் குழுவினர் இவ்வாறு ஆராய்ந்தனர். இறந்தோரில் மிகப் பெரும்பாலோர்க்கு மனநோய் இருந்தது. ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் தம் எண்ணத்தை முன்பே பிறரிடம் தெரிவித்திருந்தனர்.

துயரத்தில் இருப்போரின் நினைவு, காரணம் தேடும் முனைப்பால் மாறக்கூடும். ஆகவே உயிருடன் இருப்போரைக் கொண்ட ஒப்பீட்டுக் குழுவும் சேர்க்கப்படுகிறது. சென்னையில் லட்சுமி விஜயகுமார், ராஜ்குமார் ஆகியோர் நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையினது.

மனநோய் உள்ளோரைப் பல்லாண்டுகள் கண்காணிக்கும் தொடராய்வு மற்றொரு முறை. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தற்கொலையால் இறப்பதில்லை என்பதை அது காட்டுகிறது. எனவே நோய் கண்டறியப்பட்டதாலேயே அஞ்ச வேண்டியதில்லை. சிகிச்சையைத் தொடர்வதே முதன்மையானது.

உங்கள் பராமரிப்பில் உள்ளவர் இறக்கும் எண்ணத்தை வெளிப்படுத்தினால், அதனை வெறும் பேச்சாகக் கருதாதீர்கள். பொறுமையுடன் கேளுங்கள், தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். டெலி மானஸ் உதவி எண் 14416. 24 மணி நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.