நாயின் கலம் கற்பித்த பாடம்

வீட்டு நாய்க்கு என்ன உணவு இடுவது என்னும் கேள்வி இன்று நேற்று எழுந்ததன்று. கி.மு. 37-ஆம் ஆண்டில் உழவுத் தொழிலைப் பற்றி நூல் இயற்றிய உரோமானிய அறிஞர் வாரோ, மந்தை காக்கும் நாய்களுக்கு வாற்கோதுமை ரொட்டியைப் பாலில் ஊறவைத்தே கொடுக்க வேண்டும் என்று விதித்தார். அவருக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பின் வந்த கொலுமெல்லாவோ, வாற்கோதுமை மாவைப் பாலின் தெளிநீரோடு கலந்திடச் சொன்னார். அவர்கள் கருதிய காரணம் எதுவாயினும், நாயின் கலத்தில் தானியம் தனித்து நிற்கவில்லை என்பதை நாம் நோக்க வேண்டும்.

தமிழகத்தை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம் இல்லங்களிலும் இக்கேள்வி எழுகிறது. ஊரில் இருந்தவரை நாய்க்குத் தயிர்ச்சோறு இட்டோம். தில்லியில் அது சப்பாத்தித் துண்டாகிறது. தக்காணத்தில் ஜொன்ன ரொட்டியாகிறது. நம் தட்டு மாறும்போது நாயின் கலமும் உடன் மாறிவிடுகிறது. கிராமத்து நாய் வயலும் வரப்பும் சுற்றி, எலியோ மீன்தலையோ கிடைத்ததைத் தின்று, தன் குறையை ஓரளவேனும் நிரப்பிக்கொள்ளும். அடுக்குமாடி வீட்டில் கட்டுண்டு கிடக்கும் நாய்க்கு அந்த வழியும் இல்லை. நாம் இடுவதே அதற்கு முழு உலகம். ஆகவே, நம் அறியாமையின் விளைவு முழுவதையும் அதன் உடலே சுமக்க நேர்கிறது.

நாய் ஓநாயின் வழி வந்ததாயிற்றே, அதற்குச் சோறு எதற்கு என்று வினவுவோர் உளர். 2013-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் இதற்கு விடை கண்டனர். மாவுச்சத்தைச் செரிக்கும் நொதியை உண்டாக்கும் மரபணு ஓநாயிடம் இரண்டு படிகளே இருக்க, பெரும்பாலான நாய்களிடம் அது பன்மடங்காகப் பெருகியிருக்கிறது. மனிதனின் அடுப்பங்கரையில் நெடுங்காலம் வாழ்ந்ததால் நாய் தானியத்துக்குப் பழகிவிட்டது என்பது இதன் பொருள். ஆயின், தானியத்தைச் செரிக்க வல்லது என்பதால் தானியம் மட்டுமே போதும் என்றாகிவிடாது. இவ்வுண்மையை மனிதர் அறிந்த வரலாறு துயரம் கலந்தது.

1919-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு மருத்துவ அறிஞர் எட்வர்டு மெல்லன்பி, நாய்க்குட்டிகளை வீட்டினுள்ளேயே வைத்து, தானியமே மிகுந்த உணவை இட்டு வளர்த்தார். குட்டிகளின் கால்கள் வளைந்தன, எலும்புகள் மென்மையுற்றன. காட் என்னும் மீனின் ஈரலெண்ணெய் கொடுக்கப்பட்டபோது அந்நோய் வரவில்லை. குழந்தைகளை முடமாக்கிய கணைநோய்க்கு உணவுக் குறையும் ஒரு காரணம் என்பது இதனால் தெளிவாயிற்று. டி உயிர்ச்சத்து கண்டறியப்பட்டதும் இவ்வழியிலேதான்.

அதே காலத்தில் அமெரிக்காவின் தென்பகுதியில், மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழை மக்களைப் பெல்லக்ரா என்னும் நோய் வாட்டியது. தோல் கருகி உரிந்தது, வயிறு கெட்டது, சித்தம் கலங்கியது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். தொற்றுநோய் என்றே பலரும் நம்பினர். 1914-இல் அந்த ஆய்வை ஏற்ற ஜோசப் கோல்ட்பெர்கர், அது உணவுக் குறையால் வருவது என்று வாதாடினார். அப்பகுதி நாய்களுக்குக் ‘கருநாக்கு’ என்றொரு நோய் வருவதுண்டு. இரண்டும் ஒரே குறையின் இரு தோற்றங்கள் என அவர் கண்டார். முடிவான விடை 1937-இல் கிடைத்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கான்ராட் எல்வஜெமும் அவர்தம் குழுவினரும் கருநாக்கு கண்ட நாய்களுக்கு நிகோடினிக் அமிலத்தைக் கொடுத்து நலப்படுத்தினர். விரைவிலேயே அதே மருந்து மனிதரையும் காத்தது.

இவ்வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. குன்னூரில் இயங்கிவந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் 1958-இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. நம்மைப் போலவே தமிழகம் விட்டுச் சென்ற நிலையம் அது! சேலத்தில் 1918-இல் பிறந்த மருத்துவ அறிஞர் கோபாலன் அங்கு ஒரு புதிரை எதிர்கொண்டார். மக்காச்சோளமன்றி, வெறும் சோளத்தை உண்ட தக்காணத்து ஏழைகளுக்கும் பெல்லக்ரா வந்தது. சோளத்தில் மிகுந்துள்ள லியூசின் என்னும் புரதக்கூறு இதற்குக் காரணமாகலாம் என 1960-இல் அவரும் சீகண்டையாவும் எழுதினர். லியூசினை மிகுதியாகச் சேர்த்து ஊட்டிய நாய்க்குட்டிகளுக்குக் கருநாக்கு கண்டதாக 1967-இல் அந்நிலையத்தார் அறிவித்தனர். பிற்கால ஆய்வாளர் சிலர் அக்கருத்தை முழுதும் ஏற்கவில்லை. எனினும், ஒரே தானியத்தை நம்பிய தட்டும் கலமும் நோய்க்கு இடமாகும் என்பதில் ஐயமில்லை.

இனி நம் வீட்டுக் கலத்தைப் பார்ப்போம். சோறோ ரொட்டியோ இடலாம்; ஆனால் அதனுடன் முட்டை, மீன், இறைச்சி முதலியவற்றுள் ஒன்று நாள்தோறும் சேரட்டும். ஈரல் சிறிதளவே போதும். எலும்பு நீக்கிய இறைச்சியில் சுண்ணச்சத்து மிகக் குறைவாதலால், அதனை ஈடுசெய்யும் வழியைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டறிதல் நலம். வளரும் குட்டிக்கும் சினையுற்ற நாய்க்கும் இது இன்றியமையாதது. வேகவைத்த எலும்பு பிளந்து குடலைக் கிழிக்கும், அதை இடலாகாது. புலால் உண்ணாத இல்லத்தார் முட்டை, பால், பருப்பு ஆகியவற்றால் ஓரளவு நிரப்பலாம். ஆயினும் மருத்துவர் வகுத்த அளவின்றி அதில் இறங்கலாகாது. கடையில் வாங்கும் உணவாயின், அது நாயின் வயதுக்கு ஏற்ற முழு உணவுதானா என்பதை உறையில் படித்தறிய வேண்டும்.

நம்மவர் அன்பால் செய்யும் பிழை ஒன்றுண்டு. மீந்த சாம்பார்ச் சோற்றை நாய்க்கு இடுகிறோம். அதில் கிடக்கும் வெங்காயமும் பூண்டும், வெந்தவையாயினும், நாயின் இரத்தத்துச் சிவப்பணுக்களை அழிப்பவை. திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்க வல்லவை. எனவே பாயசம் வேண்டா. சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் அதன் இதயத்தைத் தாக்கும். சர்க்கரைக்கு மாற்றாகச் சில தின்பண்டங்களில் சேர்க்கப்படும் சைலிட்டால் உயிரையே பறிக்கும். இவற்றுள் எதையேனும் நாய் தின்றுவிட்டால், அறிகுறி தோன்றும்வரை காத்திராமல் மருத்துவரை நாட வேண்டும்.

மெல்லன்பியின் கூடத்திலும் விஸ்கான்சினிலும் ஐதராபாத்திலும் நோயுற்ற நாய்கள் தாமாக அவ்வுணவைத் தேர்ந்தவை அல்ல. இட்டதை உண்டன, நோயுற்றன, அதனால் நம் குழந்தைகளின் கால்கள் நிமிர்ந்தன, ஏழைகளின் சித்தம் தெளிந்தது. நம் வீட்டு வாயிலில் காத்திருக்கும் நாயும் இட்டதை உண்பதே. அவ்வினத்திடம் நாம் பட்ட கடனைச் சிறிதேனும் தீர்க்க விரும்பினால், இன்று மாலை அதன் கலத்தில் சோற்றோடு ஒரு முட்டையும் சேரட்டும்.