சோதினையும் பரிசோதனையும்

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குப் பரீட்சை ‘சோதினை’. ஆஸ்பத்திரியில் எடுப்பது இரத்தப் பரிசோதனை. இரண்டும் ‘சுத்தம்’ பிறந்த வடமொழி வேரிலிருந்து வந்தவை. சோதனம் என்றால் அழுக்கு நீக்குதல். பரிசோதனை என்றால் முழுக்கத் துப்புரவாக்குதல்.

நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) அச்சிட்ட நூல்களின் முகப்பில் ‘பரிசோதித்து’ என்ற சொல்லைக் காணலாம். ஏடுகளை ஒப்பிட்டு, எழுதினவன் கைப்பிழையைக் களைந்து, மூலத்தைத் தெளிய வைப்பதே அங்கே அதன் பொருள்.

அந்த வேலை எவ்வளவு கடினம் என்பதை ஓலையைப் பார்த்தவர்கள் அறிவார்கள். ஓலையில் புள்ளி குத்துவதில்லை, குத்தினால் கிழியும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேற்றுமை இல்லை, ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் இல்லை. காலும் ரகரமும் ஒரே கோடு. ‘கெடு’ என்றும் ‘கேடு’ என்றும் ஒரே எழுத்தை வாசிக்கலாம். எது சரி என்று சொல்ல யாப்பும் இலக்கணமும் உரையும் வேண்டும், இன்னுமோர் ஏடும் வேண்டும். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) செல்லரித்த ஏடுகளைத் தேடித் திரட்டி, 1885இல் நச்சினார்க்கினியர் உரையோடு தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். எட்டுத்தொகையில் முதலில் அச்சுக்கு வந்தது கலித்தொகைதான்.

ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால மானுடவாத அறிஞர்களும் இதே வேலையைத்தான் செய்தார்கள். அவர்கள் கையாண்ட ‘எமெந்தாரே’ என்ற இலத்தீன் சொல்லுக்கும் மாசு களைதல் என்றே வேர்ப்பொருள். வெகு தூரத்து இரண்டு மொழிகள் ஒரே தொழிலை ஒரே உவமையால் பெயரிட்டிருப்பது எனக்கு வியப்பாயிருக்கிறது. 1417இல் அவர்களில் ஒருவரான போஜ்ஜோ ஒரு மடத்தில் லுக்ரீஷியஸின் இலத்தீன் காவியத்தைக் கண்டெடுத்தார். அடுத்த நூற்றாண்டில் பிரெஞ்சு எழுத்தாளர் மொந்தேய்னின் கட்டுரைகளில் அதன் அடிகள் நிறைந்து கிடக்கின்றன. ஏடு மீண்டால் இலக்கியம் அதைத் தொடர்ந்து வரும். அவர்களில் இன்னொருவரான லொரென்சோ வல்லா 1440இல் சொல்வழக்கை வைத்தே, போப்பாண்டவருக்கு உரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஆட்சியுரிமை கொடுத்ததாகச் சொன்ன சாசனம் பொய் என்று காட்டினார். இலக்கணம் அரசியலையும் சோதித்தது.

ஏடு ஒப்பிட்டுத் திருத்தும் இந்த வேலையை இப்போது நாம் ‘பதிப்பு’ என்கிறோம். பதித்தல் மைக்கும் தாளுக்கும் உரிய செயல். அதற்கு முன்னே விளக்கொளியில் கழிந்த உழைப்பு அந்தச் சொல்லில் இல்லை. தாமோதரம்பிள்ளையவர்களின் கலித்தொகையை எடுத்துச் சொல்லும்போது ‘பரிசோதித்தார்’ என்றே நான் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் சிலர் அதைப் பிழை என்று அடித்துத் திருத்துகிறார்கள்.