கல்வெட்டில் இல்லாத பெயர்

திருப்பரங்குன்றம் குடைவரையில் கலியாண்டு 3874, அதாவது கி.பி. 773 என்று காலம் குறித்த கல்வெட்டு ஒன்று உண்டு. நெடுஞ்சடையப் பாண்டியனின் மகாசாமந்தன் சாத்தன் கணபதி திருப்பணி செய்வித்ததையும், அவன் மனைவி நக்கன் கொற்றி துர்க்கைக்கும் மூத்ததேவியான சேட்டைக்கும் கோயில் எடுத்ததையும் அது சொல்கிறது. உளி பிடித்தவர் யார் என்று சொல்லவில்லை. தொழில் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போன காலத்தில், கற்பவனின் பெயரை எழுதிவைக்க வேண்டிய தேவை எவருக்கும் இருக்கவில்லை. அப்படி எழுதிவைக்கத் தொடங்கியதுதான் தமிழகத் தொழிற்கல்வி வரலாற்றின் பெரிய திருப்பம் என்பது என் கருத்து.

பட்டறையில் பரம்பரையாகக் கற்பித்த முறை இத்தனை அழகான குன்றைத் தந்திருக்கும்போது தொழில் கற்பிப்பதில் அரசு எதற்குத் தலையிட வேண்டும் என்று கேட்கலாம். அந்த முறையின் திறமையில் குறையில்லை; குறை அதன் வாசலில் இருந்தது. இன்ன குடியில் பிறந்தவனுக்கு இன்ன தொழில் என்ற கட்டு, ஆர்வமுள்ள பிறரை வெளியே நிறுத்தியது. விலக நினைத்தவனை உள்ளேயே பூட்டியது. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகளை வீட்டுத் தொழிலுக்கு அனுப்பியது. அதைக் குலக்கல்வி என்று தமிழகம் எதிர்த்ததில் நியாயம் இருந்தது. 1954-இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. எதிர்த்தவர்கள் கைத்தொழில் கற்பதை மறுக்கவில்லை. பிறப்பே ஆசிரியரைத் தீர்மானிப்பதைத்தான் மறுத்தார்கள்.

அந்த மறுப்புக்கு ஆக்கபூர்வமான விடை 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டம். அதற்கு முன்பிருந்த 1850-ஆம் ஆண்டுச் சட்டம், அநாதைகளையும் ஏழைப் பிள்ளைகளையும் ஏழாண்டு வரை ஒரு முதலாளியிடம் ஒப்படைக்க வழிசெய்தது. புதிய சட்டத்தில் அப்ரண்டிஸ் தன் ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு. வயது பதினெட்டுக்குக் கீழ் என்றால் பெற்றோரோ காப்பாளரோ அவனுக்காகக் கையெழுத்திடுவார். அந்த ஒப்பந்தம் அரசு அலுவலரிடம் பதிவாக வேண்டும். உதவித்தொகை, வேலை நேரம், விபத்துக்கு இழப்பீடு எல்லாம் சட்டத்தின் சொல்லாயின. 1973-ஆம் ஆண்டுத் திருத்தம் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை ஒதுக்கியது. தகப்பன் பெயர் திறந்துவிட்ட வாசலை இனி தொழிற்பயிற்சி நிலையச் (ஐ.டி.ஐ.) சான்றிதழும் திறக்கலாம் என்றானது.

அப்ரண்டிஸ் என்ற பெயரில் மலிவுக் கூலிக்கு வேலை வாங்குகிறார்களே என்ற குற்றச்சாட்டைத் தள்ளிவிட முடியாது. தமிழக நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில், மூன்றாண்டு முடிவில் மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி இளம்பெண்களை விடுதிகளில் வைத்து வேலை வாங்கியது நம் கண்முன் நடந்த கொடுமை. சட்டத்திலும் ஓட்டை உண்டு: அப்ரண்டிஸைத் தொழிலாளியாக அது கருதுவதில்லை, பயிற்சி முடிந்ததும் வேலை தரவேண்டிய கட்டாயமும் முதலாளிக்கு இல்லை. ஆனால் சுமங்கலித் திட்டம் அப்ரண்டிஸ் என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டது. கற்பித்தலையும் கண்காணிப்பையும் விட்டுவிட்டது. அதற்கு மருந்து, பதிவேட்டை நேரில் சென்று சரிபார்க்கும் அரசுதான். 2016 முதல் தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையின் ஒரு பகுதியை ஒன்றிய அரசே ஏற்கிறது. பொதுப்பணம் போகும் இடத்தில், அந்தப் பிள்ளை உண்மையில் என்ன கற்றது என்று கேட்கும் உரிமையும் பொதுமக்களுக்கு உண்டு. குன்றைக் குடைந்தவர்களின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. இன்று கற்பவரின் பெயர் ஏட்டில் இருக்கிறது. அந்தப் பெயருக்குரிய தொழிலும் கூலியும் அவர் கைக்குப் போய்ச் சேர்வதில்தான் அந்த ஏட்டின் மதிப்பு இருக்கிறது.