புனே டெக்கான் கல்லூரியும் நாடுகளிடை மொழிப் பரிமாற்றமும்

முன்னுரை

ஒரு நாட்டின் மொழியைப் பிறநாட்டார்க்குக் கற்பிக்கும் பணியைப் பண்பாட்டு நிறுவனங்கள் பெரிதும் மேற்கொண்டு வருகின்றன. 1883இல் பாரிசில் தொடங்கப்பெற்ற அலியான்ஸ் பிரான்சேஸும், 1951இல் ஜெர்மனியில் நிறுவப்பெற்ற கோத்தே நிறுவனமும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. பின்னது இந்தியாவில் மாக்ஸ் முல்லர் பவன் எனப் பெயர்பெற்றுள்ளது. இவ்விரண்டும் புனே நகரில் இயங்குகின்றன. தம் மொழியைப் பிறரிடம் கொண்டுசேர்ப்பதே இவற்றின் முதன்மை நோக்கமாகும். இவை வருவதற்கு முன்பே அந்நகரில் மற்றொரு வகைப் பரிமாற்றம் வேரூன்றியிருந்தது. கற்பிக்க வந்தவரே கற்பவராகவும் அமைந்த பரிமாற்றம் அது. அதற்குக் களமாக விளங்கிய டெக்கான் கல்லூரியின் பணியையும், அதனால் தமிழ் பெற்ற பயனையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கீல்கார்னும் புனே பண்டிதர் மரபும்

சமஸ்கிருதக் கல்விக்கென 1821இல் தொடங்கப்பெற்ற நிறுவனம், 1864இல் டெக்கான் கல்லூரி என்னும் பெயரைப் பெற்றது. ஜெர்மானியரான பிரான்ஸ் கீல்கார்ன் 1866 முதல் 1881 வரை அங்குப் பேராசிரியராகப் பணியாற்றினார். ஐரோப்பிய ஆய்வு நெறியுடன் வந்த அவர், உள்நாட்டுப் பண்டிதர் வழியாகப் பாணினீய இலக்கண மரபை ஆழ்ந்து பயின்றார். பதஞ்சலியின் மகாபாஷ்யத்திற்கு அவர் உருவாக்கிய பதிப்பு இவ்விரு மரபுகளின் கூட்டு விளைவு எனலாம். தாயகம் திரும்பிய கீல்கார்ன் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். புனேயில் பெற்ற கல்வி இவ்வாறு ஜெர்மானிய மாணவர்க்கும் சென்றடைந்தது.

மொழியியற் பள்ளிகள்

1934இல் மூடப்பெற்ற இக்கல்லூரி, 1939இல் முதுகலை ஆராய்ச்சி நிறுவனமாக மறுபிறப்பெய்தியது. எஸ்.எம். கத்ரே இயக்குநராயிருந்த காலத்தில், அமெரிக்க ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியுடன் 1954இல் மொழித்திட்டம் ஒன்று தொடங்கப்பெற்றது. அதன்கீழ்க் கோடைக்கால மொழியியற் பள்ளிகள் நடத்தப்பெற்றன. அமெரிக்க மொழியியலாரும் இந்திய அறிஞரும் அவற்றில் ஒருங்கே பங்கேற்றனர். வந்தவருள் ஒருவரான வில்லியம் பிரைட், கன்னடப் பேச்சுமொழியை ஆராய்ந்து 1958இல் அதற்கு விளக்க இலக்கணம் வெளியிட்டார்.

பேச்சுமொழியும் முறையான இலக்கண ஆய்வுக்கு உரியது என்பதே இப்பள்ளிகள் வலியுறுத்திய கருத்தாகும். தமிழ் மரபிற்கு இது முற்றிலும் புதியதன்று. தொல்காப்பியப் பாயிரம் உலக வழக்கையும் செய்யுள் வழக்கையும் இலக்கணத்தின் இரு அடிப்படைகளாகச் சுட்டுகிறது. எனினும் பிற்காலத் தமிழ்க் கல்வியில் செய்யுள் வழக்கே மேலோங்கி நின்றது. மறந்துபோன ஒரு பாதியை நினைவூட்டியது எனும் வகையில் இப்புதிய கல்வி தமிழுக்குப் பயன்பட்டது.

தமிழ் பெற்ற பயன்

மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஏ.கே. ராமானுஜன், ஆங்கில ஆசிரியராகப் பணியாற்றியபின் டெக்கான் கல்லூரியில் மொழியியற் பட்டயம் பெற்றார். 1959இல் இண்டியானா பல்கலைக்கழகத்திற்கும், 1962இல் சிகாகோ பல்கலைக்கழகத்திற்கும் சென்றார். பிரைட்டுடன் இணைந்து திராவிட மொழிகளின் சமூகக் கிளைமொழிகள் குறித்து ஆராய்ந்தார். 1967இல் அவர் வெளியிட்ட குறுந்தொகைப் பாடல்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு, அகத்திணை மரபை உலக வாசகர்க்கு அறிமுகப்படுத்தியது. புனேயில் அயல்நாட்டு ஆய்வுநெறியைக் கற்றவர், அயல்நாட்டிற்குச் சங்க இலக்கியத்தைக் கொண்டு சென்றார் என்பது எண்ணத்தக்கது.

1960களில் பல்கலைக்கழக மானியக்குழு மொழியியல் உயராய்வு மையங்களை அமைத்தபோது, டெக்கான் கல்லூரியுடன் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் தேர்வு பெற்றது. 1961இல் உருவான அமெரிக்க இந்திய ஆய்வு நிறுவனமும் தொடக்கத்தில் டெக்கான் கல்லூரியில் இயங்கியது. அதன் தமிழ்ப் பயிற்சி பின்னர் மதுரையில் நிலைபெற்றது.

மதிப்பீடு

இப்பரிமாற்றம் சமநிலையில் நிகழ்ந்தது எனக் கூறவியலாது. நிதியும் ஆய்வுத் திட்டமும் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்தன. 1958ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தின்வழி அந்நாடு ஆசிய மொழிக் கல்விக்குப் பொருளுதவி செய்தது. அச்சட்டத்தின் பெயரே அதன் அரசியல் நோக்கைப் புலப்படுத்தும். ஆயினும் அயல்நிதியால் தொடங்கிய பணி இந்தியத் துறைகளாகவும் இந்திய ஆசிரியராகவும் நிலைத்தமையால், அது வெறும் இரவலாக முடியவில்லை.

முடிவுரை

அயல்நாடுகளில் தமிழ் இருக்கைகளையும் பண்பாட்டு மையங்களையும் அமைக்க முயலும் இக்காலத்தில், புனேயின் வரலாறு இரு கருத்துகளை உணர்த்துகிறது. இலக்கியத் தமிழோடு பேச்சுத் தமிழும் கற்பிக்கப்பெறுதல் வேண்டும். அங்குச் செல்லும் ஆசிரியர் அந்நாட்டு மொழியைக் கற்பவராகவும் இருத்தல் வேண்டும். கீல்கார்னும் ராமானுஜனும் அவ்வாறு கற்றவர்கள். கொடுப்பதோடு கொள்ளவும் அறிந்த நிறுவனமே காலத்தால் நிலைபெறும் என்பது இவ்வாய்வால் புலனாகிறது.