கண்டிச் சீமைப் பாடல்கள்

தமிழகத்திலிருந்து இலங்கையின் மலைத்தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களும், ஊரில் தங்கிவிட்ட அவர்களின் பெண்டுபிள்ளைகளும் பாடிய வாய்மொழிப் பாடல்கள். தெம்மாங்கு, தாலாட்டு, ஒப்பாரி, கும்மி எனப் பல வடிவங்களில் வழங்குபவை. ‘சீமை’க்கு நாடு என்றும் பொருள், கடல் கடந்த தேசம் என்றும் பொருள். அந்த மலைநாடான கண்டியைச் சீமை என்றபோது ஊரார் மனத்தில் இரண்டும் இருந்தன.

1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கியதும் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் மாவட்டங்களிலிருந்து ஆட்கள் போகலானார்கள். அழைத்துப் போனவர் கங்காணி. பெரும்பாலும் அதே ஊர்க்காரர், சொந்தக்காரராகவும் இருப்பார். 1869இல் பரவிய இலைத்துரு நோய் கோப்பியை அழிக்க, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1876–78 தாது வருடப் பஞ்சம் ஊரைக் காலி செய்தது. நிலமில்லாத பண்ணையாளுக்குக் கடல் கடப்பது பசியிலிருந்து மட்டுமல்ல, மிராசுதாரின் வாசலிலிருந்தும் சாதிக் கட்டிலிருந்தும் விடுதலையாகத் தோன்றியது. பாடல்களில் ஒலிக்கும் கண்டிக்குப் போகும் ஆசைக்கு வேர் இதுதான். பொன்னாசை என்று மட்டும் படிப்பது குறைப்படிப்பு.

போய்ச் சேர்ந்த பின் பாட்டின் முகம் மாறுகிறது. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பு, லயம் என்னும் வரிசைக் குடியிருப்பின் அறை, அட்டைக்கடி, தீராத முன்பணக் கடன். கடன் தீர்ந்ததாகக் கங்காணி ‘துண்டு’ச் சீட்டு தராமல் வேறு தோட்டம் போக முடியாது. அந்த முறை 1921இல்தான் ஒழிந்தது. தோட்டத்தை நடத்திய வெள்ளைத் துரையைவிடக் கங்காணியே இப்பாடல்களில் அதிகம் வசை வாங்குகிறார். துரை எட்டாத உயரம், கங்காணியோ நம்மூர் ஆள்.

பிஜித் தீவின் கரும்புத் தோட்டப் பெண்களுக்காகப் பாரதியார் அழுத பாட்டு புகழ்பெற்றது. அது வெளியிலிருந்து கேட்ட அழுகை. கண்டிப் பாடல்கள் உள்ளிருந்து வந்தவை, கேலியும் காதலும் கலந்தவை. தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள் உரிமைப் பாடல்களை இயற்றித் தோட்டக் கூட்டங்களில் பாடினார். 1984இல் மறைந்த சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ இத்துறையின் முதன்மைத் தொகுப்புகளில் ஒன்று.

இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் இத்தொழிலாளர் வழிவந்த மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. பலருக்கு அது பார்த்தேயிராத ஊர்.

இன்று தமிழகத்தின் தேனி மாவட்டத்துத் தேவாரம், போடி வட்டாரத் தொழிலாளர்கள் தோட்ட வேலைக்குக் கடல் கடக்க வேண்டியதில்லை. மேற்கே தெரியும் ஏலமலைக்கு விடியற்காலை ஜீப்பில் ஏறி, மாநில எல்லை தாண்டி, ஏலக்காய் பறித்துவிட்டுப் பொழுது சாய்கையில் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் அதைச் சீமை என்பதில்லை. ‘மலைக்குப் போறோம்’ என்கிறார்கள்.